மராத்தி எழுத்தில் ஒரு வேதபாடம்

பூனா கேம்பில் எங்கள் தமிழ்ச் சபை மூப்பருக்கு வாராவாரம் எழுதிக் கொடுத்த தமிழை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. தொண்ணூறுகளின் கடைசி அது.

அவர் பூனாவிலேயே, பக்கத்துக் கட்கியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதில் குற்றமில்லை, படித்தது மராத்திப் பள்ளி. ஆனால் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது மூப்பர் வேலை. மூப்பர் என்றால் ஆண்தான். அதனால் கல்யாணமாகி பாளையங்கோட்டையிலிருந்து வந்த நான், சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பாடத்தை அப்படியே மராத்தி எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்; ஊரில் இந்தி படித்திருந்ததால் அந்த எழுத்து எனக்குத் தெரியும். அதைப் பார்த்து அவர் கணீரென்று வாசிப்பார். நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்பேன்.

மராத்தியில் ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஒருநாள் பத்துக் கட்டளைகளை வாசிக்கும்போது 'பொய்ச்சாட்சி'யை அவர் 'போய்ச் சாட்சி' ஆக்கிவிட்டார். சபையே குலுங்கிச் சிரித்தது. ஆராதனை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"என்னக்கா, கலத்தா எழுதிக் குடுத்துட்டீங்க! எல்லார் முன்னாடியும் என் இஜ்ஜத் போச்சே!"

வாசித்தவர் அவர், தப்பு என்னுடையதாம், போன மானம் அவருடையதாம். அந்த வருஷத் தேர்தலில் மூப்பர் பதவிக்கு என் பெயரைக் கொடுத்தேன். அந்த இடத்தில் நின்று என் வாயால் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. போதகர் என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்க ஊழியம் பெரிய ஊழியம்மா. மறைவா செய்யிறதுதான் அதுக்கு அழகு."

மறைவாம்! தப்பு நேர்ந்தால் மட்டும் நான் எல்லார் கண்ணுக்கும் தெரிவேன்.

"அப்போ இனிமே எழுதித் தர மாட்டேன், ஐயா. பதவி வேண்டாம், பாடத்தை மட்டும் நானே வாசிக்கேன்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு, பாடத்தை வீட்டில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்துப் பார்த்துவிட்டுப் போனேன். வேறு வழியில்லை, என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். மூப்பர் எழுந்தார். கையில் புத்தம்புதிய மராத்தி வேதாகமம். பாடத்தை மராத்தியிலேயே வாசித்தார். ஊரிலிருந்து புதிதாக வந்த குடும்பங்கள் ஒன்றும் புரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தன. போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு பெண் வாசிக்கும் தமிழைக் கேட்பதைவிடத் தமிழே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள்.