டிஷ்ஷுக்குப் போட்ட மாலை

செமோருக்கு உள்ளே, முன்பு கித்தா என்கிற ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்ட இடத்தில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. தோட்டம் கைமாறியபோது மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். கைப்பேசிச் சிக்னலும் எட்டாது. எல்லாரும் சேர்ந்து பழைய மண்டபத்தின் கூரையில் சோலார் தகடும், சேட்டலைட் இணையத்துக்கு ஒரு டிஷ்ஷும் வைத்தோம். நான் ஜெலாப்பாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவள் என்பதால் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அந்த டிஷ் சும்மா இருந்தாலும் கரண்ட் தின்னும். யாரும் எதுவும் பார்க்காவிட்டாலும் வானத்தில் ஓடும் சேட்டலைட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். அதனால் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் போடுவேன். "கரண்ட் மந்திரி மனசு வெப்பாங்களா லா?" என்று கிண்டல் செய்வார்கள். "பேட்டரி செத்தா உங்க தாத்தாவா வாங்கித் தருவாரு?" என்பேன். என் வாய் அப்படித்தான்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை என் மகளுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இண்டர்வியூ, வீடியோவில். அதற்கடுத்த வருஷம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பில்லை. செமோர் டவுனுக்குப் போய்ப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் விடாத மழையில் ஆற்றுத் தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. வெயிலும் இல்லாததால் பேட்டரி பாதிக்குக் கீழே. டிஷ்ஷை மட்டும் போட்டால் தாங்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

காலையில் போட்டேன். சனியன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இழுத்தது. கண்ணெதிரே பேட்டரி இறங்கியது.

"யாருலா ஐஸ்பெட்டிய சொருகினது?" என்று மண்டப வாசலில் நின்று கத்தினேன். யாரும் எதையும் சொருகவில்லை. மகள் கைப்பேசியில் டிஷ்ஷின் செயலியைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, பனி உருக்குதாம்."

"என்னாது?"

"மேல பனி மூடியிருக்குன்னு நெனச்சிக்கிட்டு சூடு பண்ணுதும்மா."

செமோரில் பனி! குளிர்நாட்டுக்காக வைத்த வசதி அது. சிக்னல் மங்கினால் தானாகவே சூடேறும். அது இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஏணி வைத்து ஏறினேன். டிஷ் முகம் முழுக்கக் கெட்டிச் சந்தனம், குங்குமம், மழையில் ஊறிக் கனத்த செவ்வந்தி மாலை. எங்கள் கோயிலில் பூஜை செய்யும் எதிர்வீட்டு அண்ணேயின் கைவரிசை. என் சத்தம் கேட்டு அவரும் கீழே வந்து நின்றார்.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பாப்பாவுக்கு நல்லது நடக்கணும்னுதான் தங்கச்சி. அதுவும் நம்ம ஆயுதந்தானே லா."

மாலையில் கை வைத்தேன். கீழிருந்து அலறினார்: "மறுபூஜை பண்ணாம எடுக்காத! புள்ளைக்கு ஆகாது!"

கோபம் தலைக்கேறியது. ஆனால் பிள்ளைக்கு ஆகாது என்றதும் கை நின்றுவிட்டது. "அப்ப ஓடிப்போய் சூடம் எடுத்துட்டு வாங்க! நிக்காதீங்க!"

தூறலில் ஒரு கையில் குடையோடு ஏணியில் நின்று சூடம் காட்டினார். மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் மாலையை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். மகள் அந்தச் சூடேற்றும் வசதியை அணைத்தாள். இழுப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் போனது போனதுதான். மண்டப விளக்கை அணைத்து, மடிக்கணினியை மூடி, சார்ஜ் இருந்த கைப்பேசியை டிஷ் இணையத்தில் சேர்த்துப் பேசச் சொன்னேன்.

ஒருக்களித்த கதவுக்கு இந்தப் பக்கம் பேட்டரியையும் அவளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். மலாயில் கேள்வி கேட்டார்கள். பிறகு ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். அவள் எழுதி வைத்திருந்த அட்டைகள் அந்த இருட்டில் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். அவள் அட்டைகளை ஓரம் வைத்தாள். "மாணவர்களே, இன்று காலை எங்கள் ஊரில் பனி பெய்ததாக ஒரு இயந்திரம் நம்பிவிட்டது. ஏன் தெரியுமா?" என்று மலாயில் ஆரம்பித்தாள். சந்தனம், மாலை, வெப்பம், மின்சாரம் எல்லாம் அந்தப் பாடத்தில் வந்தன. அந்தப் பக்கம் கேள்வி கேட்ட புவான் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முடித்துவிட்டு வந்தவள் என்னைத் தாண்டிப் போய் அண்ணே காலில் விழுந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். இடம் வாங்கிக் கொடுத்ததே தன் மாலைதான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் மறுத்துப் பார்த்துவிட்டேன். மகளும் அவர் பக்கம்தான்.