மகளுக்கு நான் வறுத்துக் கொடுத்த ஆற்று மண்

இன்று காலை பாளையங்கோட்டையில், பெண்கள் ஆஸ்பத்திரியில், நான் வாயைத் திறந்து பேசினேன்!

(வகுப்புக்கு வெளியே வாயே திறக்காத வாத்தியார் என்று என்னை அறிந்த நீங்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பீர்கள். பரவாயில்லை. நானே மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.)

என் மகள் எஸ்தருக்கு இது மூன்றாம் மாதம்.

போன வருஷமும் இப்படித்தான் இருந்தாள். நான்காம் மாதத்தில் தங்காமல் போயிற்று. ஆகவே இந்த முறை முன்கூட்டியே டாக்டரம்மாவிடம் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். (தீர்மானிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.)

மருமகனுக்கு மலைத் தோட்டத்தில் வேலை. லீவு இல்லை. எனவே அவருடைய தாயார், என் சம்பந்தியம்மாள், துணைக்கு வந்தார்கள்.

விடிந்தும் விடியாததுமாய் வண்டி ஆற்றோரமாகவே போயிற்று. தாமிரபரணியின் மேல் பனி படுத்திருந்தது. மருத மரங்கள் பாதி தண்ணீரிலும் பாதி வானத்திலும் நிற்பது போலத் தெரிந்தன. எஸ்தர் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவளுக்குள் நெல்லிக்காய் அளவில் ஒன்று, அதுவும் தூங்கியபடியே எங்களோடு வண்டியில் வருகிறதே என்று நினைத்தேன். மாட்டின் மணிச் சத்தம் அதற்குக் கேட்குமோ?

"சம்பந்தி, நோவு வந்தாத்தானே ஆஸ்பத்திரி? நோவே இல்லாம எதுக்கு இம்புட்டுத் தூரம்? நான் ஆறு பெத்தேன், யாருகிட்ட போயிக் காட்டுனேன்?" என்றார்கள் சம்பந்தியம்மாள்.

(ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு ஆகிவிட்டது அம்மா, காலம் மாறிவிட்டது! என்று நான் சொல்லவில்லை. நினைத்தேன்.)

டாக்டரம்மா சென்னையில் படித்துவிட்டு வந்த நம் பக்கத்துப் பெண்தான். எஸ்தரை நிறுத்தி எடை பார்த்தார். நாடி பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"ரத்தமே இல்லையேம்மா. கண்ணு வெள்ளைக் காயிதம் மாதிரி இருக்கு. மண்ணு கிண்ணு திங்குதியா?"

"இல்லம்மா."

"சாம்பலு? செவத்துச் சுண்ணாம்பு?"

"இல்லவே இல்ல."

சம்பந்தியம்மாள் குறுக்கே வந்தார்கள். "எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமெல்லாம் கெடையாது. இவ வயிறுதான் தங்காத வயிறு!"

எஸ்தர் தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும்.

மசக்கை தொடங்கியதும் அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குத் தாய் இல்லை. ஒரு நாள் அடுப்புக்குப் பின்னால் மண்சுவரில் நகத்தால் சுரண்டிய தடம் கண்டேன். தாய் என்றால் கேட்டிருப்பாள். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. அவளுக்குச் சொல்லத் தைரியமில்லை.

கரி பிடித்த சுவரைத் தின்கிறாளே, சுத்தமானதாகத் தின்னட்டும் என்று என் படித்த மூளை வேலை செய்தது!

தினமும் குளிக்கப் போகும்போது ஆற்றங்கரையில் கல் இல்லாத வண்டல் மண்ணாகப் பார்த்து எடுத்து வந்தேன். காயவைத்து, சட்டியில் வறுத்து, சிறு துண்டுகளாக உடைத்து, ஒரு தகர டப்பாவில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாலையில் டப்பா காலியாக இருக்கும். மண் வறுபடும்போது முதல் மழையின் வாசம் வீடு முழுக்கப் பரவும். அந்த வாசத்தில் உட்கார்ந்து, இன்னும் பிறக்காத பேரனோடு பேசிக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

போன வருஷமும் அதே டப்பாதான்.

"ஒளிச்சா நான் என்ன செய்ய?" என்றார் டாக்டரம்மா. "காரணம் தெரியாம மருந்து ஊத்துனா, ஒரு பக்கம் ஊத்த ஒரு பக்கம் வடியும். பிள்ளை தங்கணுமா வேண்டாமா?"

நான் எழுந்தேன்.

"அம்மா... அவ திங்குதா. கொண்டாந்து குடுத்தது நான்."

"சம்பந்தீ! படிச்ச மனுசன் செய்யுத வேலையா இது!"

"அப்பாவ ஒண்ணும் சொல்லாதிய அத்தை. தின்னது நான்" என்றாள் எஸ்தர்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "போன வருசம் போனது... என்னாலயாம்மா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியாது, வாத்தியாரையா. தெரியாதத உங்க தலையில வைக்க மாட்டேன். ரத்தம் கொறைஞ்சா மண்ணு மேல ஆசை வரும். மண்ணு தின்னா ரத்தம் இன்னும் கொறையும். இதோட நிறுத்துங்க. முருங்கைக்கீரை, ஈரலு, பேரீச்சம்பழம் குடுங்க. இரும்பு மருந்து தாரேன். மாசம் ஒருக்க கூட்டிட்டு வாங்க. இப்பமே வந்தது நல்லதாப் போச்சு."

பிறகு சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "சுத்தமான மண்ணுன்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"...தினமும் ஒரு துண்டு நான் தின்னு பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

"அப்பம் இங்கன வந்து உக்காருங்க. உங்க கண்ணையும் காட்டுங்க!"

பெண்கள் ஆஸ்பத்திரி முக்காலியில் உட்கார்த்தி என் இமையையும் இழுத்துப் பார்த்தார்கள், நண்பர்களே! வாசலில் காத்திருந்த கர்ப்பிணிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். போன வருஷத்துக்குப் பிறகு எஸ்தர் வாய்விட்டுச் சிரித்ததை இன்றுதான் கேட்டேன்.

வண்டியில் திரும்பினோம். ஆற்றில் வெயில் மினுங்கியது.

"நெசமாவே தின்னியளா அப்பா? எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

முன்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாள் திரும்பாமலே சொன்னார்கள்: "பைய பேசுங்க ரெண்டு பேரும். ஆறு பெத்தவளுக்கு நாக்குல தண்ணி ஊறுது!"

நண்பர்களே, மண் ஆசை எழும்பும் நேரத்தில் உங்கள் வீட்டுப் பெண்கள் அதற்குப் பதிலாக எதை வாயில் போட்டுச் சமாளித்தார்கள்? தயவுசெய்து எழுதுங்கள். இந்த முறை டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.