சுகிர்தம் எடுத்த அட்டை

சுகிர்தத்தை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தது நான்தான் என்று அடக்க ஆராதனையில் சொன்னார்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் அதையே எழுதியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. அவள் சிறு வயதிலிருந்தே பயம் என்பதை அறியாதவள் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அதுவும் உண்மையல்ல. அந்த நாட்களில் அவளை அருகிலிருந்து பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். ஆகவே சபை மடலுக்கு எழுதித் தரும்படி கேட்டபோது ஒப்புக்கொண்டேன்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கிள்ளானிலிருந்து சுகிர்தத்தின் தங்கை மகள் மெர்சி அழைத்தாள். சுகிர்தம் திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிப் பத்து வருடம் மெர்சியின் வீட்டில்தான் இருந்தாள்.

"ஆன்டி, பெரியம்மா காலைல போய்ட்டாங்க."

"யார் யாருக்குச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் சொல்லிட்டேன் ஆன்டி. ஒங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியாம கடைசியா வச்சிட்டேன்."

கடைசி என்ற சொல்தான் என் காதில் தங்கியது. ஐம்பது வருடத்துத் தோழி இறந்த செய்தியைக் கேட்டுக்கொண்டே நான் வரிசையில் என் இடத்தைப் பார்த்தேன். சுகிர்தத்தின் விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு வராது.

நாங்கள் சந்தித்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு காப்புறுதி அலுவலகத்தின் தட்டச்சுப் பிரிவில். அந்தப் பிரிவுக்கு நான் பொறுப்பு. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. கிள்ளான் பக்கம் பண்டமாரானில் வீடு; அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வேலை கிடைத்ததும் நம் கோயிலுக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில் வந்து தங்கினாள். ஒரு கடிதத்தை நான்கு முறை அடிப்பாள். முதல் மூன்றும் சரியாக இருக்கும். நம்பாமல் அடித்த நான்காவதில் பிழை வரும். அவளுக்குக் கொடுத்த மேசையின் இழுப்பறை எட்டு மாதம் காலியாகவே கிடந்தது. சீப்பு, குடை, சாப்பாட்டு டப்பா, ஊசி நூல் எல்லாம் கைப்பையில். மாலையானால் அத்தனையையும் தூக்கிக்கொண்டு போவாள்.

"இழுப்பறை எதுக்கு இருக்கு? ஏன் இப்படிச் சொமக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாளைக்கு வரவேணாம்னு சொல்லிட்டா, சாமான எடுக்கத் திரும்பி வரணும்ல. வெக்கமா இருக்கும்க்கா."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தனக்கு எதுவும் நிலைக்காது என்பது அவள் கணக்கு. நல்ல செய்தி ஏதாவது சொன்னால், "எனக்கா? பேரு மாறி வந்திருக்கும்க்கா, நல்லா பாருங்க," என்பாள். மதியச் சாப்பாட்டின்போது ஒருமுறை, நான் எதையும் கேட்காமலே, தான் பிறக்காமல் இருந்திருந்தால் வீட்டில் ஒரு தட்டு மிச்சமாகியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். நான் அவளைக் கண்டித்தேன். கிறிஸ்தவப் பெண் அப்படிப் பேசுவது பாவம் என்றேன். அதன்பிறகு என்னிடம் அவள் அப்படிப் பேசவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கோயிலுக்கு அழைத்தது நான் என்பது மட்டும் உண்மை. பாடகர் குழுவில் ஓர் ஆள் குறைந்தது, அதற்காக அழைத்தேன். அவளுக்குச் சுருதி நிற்கவில்லை. இரண்டாவது வாரம் குழுவிலிருந்து நீக்கியதும் நானே. பெயருக்குக் கிறிஸ்தவக் குடும்பம் என்றாலும் பண்டமாரானில் அவர்கள் கோயிலுக்குப் போனது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஜெபத்தில் கண்களை மூடமாட்டாள். எழுந்து வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று பார்ப்பவளைப் போல வாசலையே பார்த்திருப்பாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் வழக்கம். இன்று அச்சடித்து வாங்குகிறோம். அந்த நாளில் கையால் எழுதினோம். கையால் என்றால் என் கையால். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரிகள் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டித் திருத்திய எழுத்து. அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அட்டையில் வசனம் இருக்காது. எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்பது மட்டுமே. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுத்து, வேதாகமத்தில் தேடி, எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். அந்த வருடத்துக்கு அதுவே அவருக்கு ஆண்டவர் தந்த வாக்கு.

அந்தப் புத்தாண்டில் சுகிர்தம் எழுந்து நின்றாள். பக்கத்தைத் தேடினாள். வாசிக்கத் தொடங்கியவள் இரண்டு சொல்லோடு நிறுத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் முழுவதையும் வாசித்தாள். ஒரு தீர்க்கதரிசி தாம் பிறந்த நாளைச் சபிக்கும் வசனம் அது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். போதகர் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நான் அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். என் எழுத்துதான். அதே தீர்க்கதரிசியின் புத்தகத்தில், வருங்காலத்தைப் பற்றி நம்பிக்கை தரும் வசனம் ஒன்று இருக்கிறது. நான் பார்த்து எழுதிய பட்டியலில் இருந்தது அதுதான். அதிகார எண்ணை நான் தவறாக எழுதியிருந்தேன். மற்றவர்களின் பிழையில் ஒன்றைக்கூட விட்டுவைக்காத நான். எழுந்து, "தவறு என்னுடையது," என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டின் எண்ணைத் தேடினேன்.

"வேற ஒண்ணு எடும்மா," என்றார் ஐயா.

"வேணாங்கய்யா. இதே போதும்," என்று உட்கார்ந்துவிட்டாள். ஆராதனை முடியும்வரை அந்த அதிகாரத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். அதுவரை அவள் என்னைத் தொட்டதில்லை.

"அக்கா, இது வேதத்துக்கு உள்ளயே இருக்குதுக்கா! இப்படியெல்லாம் நெனைக்கிறதே பாவம், இந்த ஆளுங்களோட ஒக்கார எனக்குத் தகுதி இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். அவரு ஆண்டவர்கிட்டயே சொல்லிட்டாரு, பாத்தீங்களா? சொல்லியும் அவரத் தொரத்தல."

நான் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரே நாளில் ஆள் மாறிவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் இழுப்பறையில் ஒரு சீப்பு வந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு கோப்பை. ஈஸ்டருக்குள் குடையும் உள்ளே போய்விட்டது. கடிதங்களை ஒரே தடவை அடித்துக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பத் திரும்பப் பார்ப்பாள், ஆனாலும் வைத்துவிட்டுப் போவாள். ஒவ்வொரு நாளும் காலையில் மாடிப்படியின் கீழே ஒரு நிமிடம் நிற்பாள். ஒருநாள் பின்னால் வந்த என் காதில் அவள் சொன்னது விழுந்தது: "ஆண்டவரே, இன்னிக்கும் பயமாத்தான் இருக்கு. வந்துட்டேன். நீங்களும் மேல வாங்க." பண்டமாரான் தமிழில், பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போல. நான் வாசித்த ஜெபங்கள் எதிலும் அப்படி ஒரு வரி இல்லை.

"பயம் போயிடுச்சா?" என்று பிறகு கேட்டேன்.

"எங்கக்கா போவுது? தனியா பயப்படுறதுதான் போயிடுச்சு."

பொறாமை அன்று தொடங்கியது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் சொல்வேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை. என் பிழையிலிருந்து அவளுக்குக் கிடைத்தது, நான் பிழையில்லாமல் செய்த எதிலிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு வேலை போனவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், அறையை விட்டு வெளியே வராத பிள்ளைகள் எல்லாரும் அவளைத் தேடிப் போனார்கள். ஞாயிறு பள்ளிக்கு முப்பது வருடம் தலைமை தாங்கியது நான். என்னிடம் கையொப்பத்துக்குத்தான் வந்தார்கள்.

என் கணவர் மருத்துவமனையில் இருந்த கடைசி வாரம். ஒரு பிற்பகல் அவர், "சுகிய வரச் சொல்லு, எஸ்தர்," என்றார்.

"ஏன், நான் ஜெபிச்சா மேல போவாதா?"

"போவும்லா. ஆனா நீ ஜெபிச்சா ஆண்டுக்கூட்டத்துல அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். நான் எழுந்து 'வழிமொழிகிறேன்'னு சொல்லணும்போல இருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்; சிரிப்பு இருமலில் முடிந்தது.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்தாள், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, அண்ணனுக்குப் பயமா இருக்கு. வெளிய சொல்ல மாட்டேங்குறாரு, ஆம்பள. நீங்க கொஞ்சம் இங்கயே இருங்க," என்றாள். அவர் அழுதார். நாற்பத்திரண்டு வருடம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். தமக்குப் பயம் என்று என்னிடம் சொன்னதே இல்லை. நான் அறைக்கு வெளியே தாழ்வாரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். அவளை வரச் சொன்னதற்காக அவர் மீதும், வந்ததற்காக அவள் மீதும் எனக்கு வந்த கோபம், அவரை அடக்கம் செய்த பிறகும் தீரவில்லை.

இந்த வருடம் அவள் இதயம் பலவீனமாகிவிட்டது என்று கேள்விப்பட்டுக் கிள்ளானுக்குப் போனேன். நலம் விசாரிக்கப் போனேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அவளிடம் இருந்ததைக் கொஞ்சமாவது குறைத்துவிடத்தான் போனேன். மெர்சி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னேன்.

"அந்தப் புத்தாண்டு அட்டை ஆண்டவர் குடுத்தது இல்ல, சுகி. நான் நம்பரத் தப்பா எழுதிட்டேன். ஒனக்கு வந்தது என் கவனக்குறைவு. அவ்வளவுதான்."

நான் அவள் முகத்தையே பார்த்திருந்தேன். எதற்காகக் காத்திருந்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

"தெரியாதுக்கா," என்றாள் மெதுவாக. "சத்தியமா தெரியாது." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அம்பது வருசமா இத உள்ள வச்சிக்கிட்டா இருந்தீங்க? அய்யோ பாவம்லா நீங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து சிரிச்சிருப்போம்."

"சிரிக்கிற விஷயமா இது?"

"சரி, அன்னிக்கு நீங்க என்ன எடுத்தீங்க?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அவளிடம் பொய் சொல்ல வரவில்லை. நான் எடுத்ததே இல்லை. அட்டைகளை எழுதுபவள் நான். எனக்குப் பிடித்த வசனத்தை எழுதிய அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பேன். தட்டு வரும்போது அந்தப் புள்ளியைப் பார்த்து எடுப்பேன். ஒவ்வொரு வருடமும். அச்சடித்த அட்டைகள் வந்த பிறகும், தட்டில் அடுக்கும் பொறுப்பை விட்டுக்கொடுக்காமல் அதையேதான் செய்தேன்.

சுகிர்தம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். மெர்சி பயந்துபோய் ஓடிவந்தாள்.

"மெர்சி, இங்க வா, இவங்களப் பாரு! சபைக்கே கணக்குப்பிள்ள மாதிரி இருந்துக்கிட்டு, சீட்டுல அடையாளம் வச்சி ஆடியிருக்காங்க! வேற எடமா இருந்தா கைய ஒடச்சிருப்பானுங்கக்கா!"

நானும் சிரித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். நான் சிரிக்கவில்லை. என் கண்ணில் நீர் வந்ததை அவள் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள்.

"ஒரு தடவகூட, என்ன வருதுன்னு தெரியாம எடுத்ததில்லையா?"

"இல்ல."

"பயமாக்கா?"

ஆமாம் என்றேன். எழுபத்தெட்டு வயதில், முதல் தடவையாக, ஒருவரிடம்.

"நான் ஒண்ணு எழுதி அனுப்புறேன். இப்ப வேணாம், நீங்க எட்டிப் பாப்பீங்க. தபால்ல வரும். வந்தத வாசிங்க," என்றாள். அதன்பிறகு பதினெட்டு நாள் இருந்தாள். தபால் வரவில்லை. மெர்சி அவள் வேதாகமம், தலையணை உறை, மேசை எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டாள். எழுதுவதற்குள் முடிந்துவிட்டது.

அவளுடைய வேதாகமம் மெர்சியிடம் இருக்கிறது; அது நியாயம். அவளைப் பற்றிய நல்ல நினைவுகள் உங்கள் எல்லாரிடமும் இருக்கின்றன, அதுவும் நியாயம். நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பொறாமை. விட்டுவிட முயன்று பார்த்துவிட்டேன். உள்ளதை உள்ளபடியே கொண்டுபோய் ஆண்டவர் முன் வைத்தவள் அவள். நான் இப்போது காலையில் இதைக் கொண்டுபோய் வைக்கிறேன். சரியான வார்த்தைகள் இன்னும் வரவில்லை. அறிக்கை வாசிப்பது போலத்தான் இருக்கிறது.

சபையாரிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது ஓர் அட்டையில், புத்தகத்தின் பெயர், அதிகாரம், வசன எண் மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். போனில் அனுப்ப வேண்டாம். உறையில் போட்டு, என் பெயரெழுதி, சபை அலுவலகத்தில் கொடுத்தால் என்னிடம் சேரும். முதலில் வருவதை அடுத்த ஞாயிறு எழுந்து நின்று வாசிக்கிறேன். பின்பக்கம் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பதில் போட வேண்டும்.