மிலிட்டரி மாமா கிசுகிசுத்த கதை

காலை ஏழேகால் மணிச் செய்திக்கு எங்கள் தெருவில் வேறு யாரும் ரேடியோவைத் திருகமாட்டார்கள், எங்கள் வீட்டு ரேடியோ போடும் அலறலில் அடுப்படிப் பாத்திரங்களே அதிரும். அதன்மேல் முகத்தை ஒட்டவைத்தபடி உட்கார்ந்திருப்பவர் அம்மாவின் தம்பி, எழுபத்தொன்றாம் வருஷப் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பியவர், தெருவுக்கே "மிலிட்டரி மாமா".

பீரங்கிச் சத்தம் மாமாவின் இடது காதை முழுசாகவும் வலது காதில் பாதியையும் கொண்டுபோயிருந்தது. வெட்கமோ வருத்தமோ, அதை அவர் வெளியே சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாமல் போவார், "மிலிட்டரி திமிரு" என்றார்கள். பேசினால் அதட்டுவதுபோல இருக்கும், "முன்கோபி" என்றார்கள். டீக்கடையில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும் "கை நீட்டுற ஆளு போல" என்று கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அழுகையாக வரும், ஏனென்றால் அந்தத் தெருவிலேயே என்னோடு ஒற்றைக்காலில் நொண்டிப் பாண்டி ஆடிய ஒரே பெரியவர் அவர்தான்.

மூன்றாவதாக, பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். ஜட்கா வண்டியில் போகும்போதே அம்மா என்னை எச்சரித்தாள்: "காது விஷயத்த மூச்சு விடாத. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. நாம சொல்றது ஒண்ணுதான், இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது மிச்சம் இருக்குது."

கேசரியும் பஜ்ஜியும் வந்தன. மாமாவைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே முந்திக்கொண்டு பதில் சொன்னாள். பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். வழக்கப்படி, "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று அம்மா எழுந்திருக்கப் போகிற நேரத்தில், மாமா அவள் பக்கம் சாய்ந்து ஒரு ரகசியம் சொன்னார். ரகசியம் என்பது அவருடைய எண்ணம்.

"அக்கா, எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது! என் காது செவிடுன்னு சொல்லிட்டியா இல்லியா? ஊருகிட்ட மறைச்ச மாதிரி இந்தப் பொண்ணுகிட்ட மறைச்சுக் கட்டிக்க மாட்டேன்!"

ஜன்னலில் எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் முதல் கொட்டகையில் கட்டியிருந்த மாடு வரைக்கும் எல்லாருக்கும் கேட்டது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை, ஏன் என்று மாமாவுக்கு மட்டும் விளங்கவில்லை.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாயே திறக்கக்கூடாத காலம் அது. அடுப்படியிலிருந்து ஒரு குரல் ஓங்கி வந்தது: "எந்தக் காதுன்னு கேளுங்கப்பா!"

அது மாமாவுக்கே கேட்டுவிட்டது. வலது காதைத் தொட்டுக் காட்டி, "இதுல பாதி கேக்கும்!" என்றார். பெண் வெளியே வந்தாள், காபி டம்ளரை அவருடைய வலது கைப்பக்கம் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, குடிங்க!" என்று கத்தினாள். பெண்ணின் அப்பாவுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. "திமிரு புடிச்ச ஆளுன்னுல்ல சொன்னாங்க! வெறும் காதுதானா?" என்று பஜ்ஜியை மறுபடி எடுத்துக்கொண்டார். தை மாதத்தில் கல்யாணம். அதற்குள் விஷயம் டவுன் முழுக்கப் பரவி, டீக்கடையில் மாமாவின் வலது பக்கம் உட்காரப் போட்டியே நடந்தது.

இன்று ஜட்கா போய்விட்டது, ஏழேகால் செய்திக்குக் காத்திருப்பாரும் இல்லை. போன வருஷம் பிள்ளைகள் மாமாவுக்குக் காது மிஷின் வாங்கி மாட்டினார்கள். "கேக்குதாங்க?" என்றாள் அத்தை. மாமா தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "ஏண்டி, இவ்ளோ சத்தமாவா பேசுவே நீ?"

"அம்பது வருஷமா உங்களுக்காகக் கத்துறேன், இனிமே எங்க கம்மியாவுறது!"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தை மெதுவாகப் பேசிப் பார்த்தாள், வரவில்லை. முதல் குழந்தை பிறந்த புதிதில் தொட்டிலை ஆட்டியபடி அவள் தாழ்ந்த குரலில் பாட நான் கேட்டிருக்கிறேன்; அவ்வளவு இதமான குரல். அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்திருந்த மாமா அதை ஒருநாளும் கேட்டதில்லை.