கவரோடு நட்ட நாற்பது

போன மழைக்காலத்தில் கூட்டத்தோடு நின்று நீங்கள் நட்டீர்களே ஒரு மரக்கன்று, அது இன்று உயிரோடு இருக்கிறதா? படத்தைக் காட்ட வேண்டாம். செடி எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

மீட்டர் அக்காவிடம் இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கும் தெம்பு வேண்டுமே. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நானூறு வாசல்கள். எந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது, எந்த வீட்டில் வேலை தேடி அலுத்த பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எண்ணைக் குறித்த கையோடு, "ஞாயித்துக்கிழமை கன்னு நட வந்துடு, சும்மாதானே இருக்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிச் சொல்லியே அறுபது பேரைச் சேர்த்தார்.

எதற்கு இந்த வம்பு? அதிகாரிகள் குடியிருப்பில் சாலைக்கு இருபுறமும் நிழல்; செடிகளுக்கு லாரியில் தண்ணீர். பட்டறைத் தொழிலாளர்கள் வாழும் இந்தப் பக்கம் வெயிலுக்கு ஒதுங்க விளக்குக் கம்பம்தான் உண்டு. இது தலையெழுத்தல்ல. யாரோ மேசையில் உட்கார்ந்து போட்ட கோடு. அக்கா மூன்று வருடம் மனு கொடுத்து நகராட்சியை ஒரு நிபந்தனைக்குக் கொண்டுவந்தார். பட்டறைக்குப் பின்னால் கிடக்கும் நீள நிலத்தில் நாற்பது கன்று நடலாம். ஆறு மாதம் கழித்து எண்ணும்போது குறைந்தது இருபது உயிரோடு நின்றால் தண்ணீர்க் குழாயும் வேலியும் வரும். ஒன்று குறைந்தாலும் நிலம் வண்டி நிறுத்தப் போய்விடும்.

நட்ட அன்று அறுபது பேர். அடுத்த வாரம் இருபது. வெயில் ஏறியதும் மூன்று. அக்கா வேலைக்குப் போகும் முன் தானே பட்டறைக் குழாயிலிருந்து வாளி சுமந்தார். தோள்பட்டை இறங்கிப்போனது. கடைசல் பட்டறையில் வேலை செய்யும் கணவர், "வீட்டுத் தொட்டி காஞ்சு கிடக்கு. அதுலயும் ஒரு கன்னு நட்டு வைக்கவா, அப்பவாவது தண்ணி ஊத்துவியா?" என்று கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஒரு நாள் பொறுக்காமல், போனைத் தேய்க்கிற விரலுக்கு வாளி பிடிக்க வலிக்கிறதா என்று இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார். ஒரே மணி நேரத்தில் பதினொரு பேர் வெளியேறினார்கள்.

நகராட்சியிலிருந்து எண்ண வருவதற்குப் பதினாறு நாள் இருந்தபோது பதினேழு கன்றுகள் கருகியிருந்தன. மீதியிலும் பாதி மஞ்சள். அக்கா கருகிய ஒன்றைப் பிடுங்கினார். மண்ணோடு கறுப்பு பாலிதீன் கவரும் சேர்ந்து வந்தது. உள்ளே வேர் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பந்தாகியிருந்தது. கவரைச் சுற்றி மண் ஈரமாகத்தான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கன்று நட்ட விழாவுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்த சிறப்பு விருந்தினர் பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டும் என்றபோது, "கவரோடவே வைங்க, படம் எடுத்துட்டுப் பிரிச்சுக்கலாம்" என்று மைக்கில் சொன்னது அக்காதான். படம் எடுத்து முடித்ததும் மழை கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். கவரைப் பிரிக்க யாருக்கும் நினைவில்லை, அக்காவுக்கும்.

அடுத்த நாள் முதல், எண்ணைக் குறித்தபின் ஒவ்வொரு வாசலிலும் அவர் வேறொன்று சொன்னார்: கவரைப் பிரிக்காத தப்பு என்னுடையது, உங்களைத் திட்டியது அநியாயம். சில கதவுகள் பாதியிலேயே சாத்திக்கொண்டன. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் மட்டும் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"நாங்க சோம்பேறின்னு நினைச்சீங்க இல்லக்கா? ரெண்டு மாசம் ஊத்தினோம். ஊத்த ஊத்தக் காஞ்சுது. எங்க கை ராசி அப்படின்னு வீட்ல சொன்னாங்க. அதோட விட்டுட்டோம்."

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பிளாஸ்டிக்தான்."

"அத அன்னைக்கே மைக்ல சொல்லியிருக்கலாம்."

ஞாயிறு காலை அந்தப் பெண் பிளேடுப் பெட்டியோடு வந்தாள். அவள் பின்னால் எட்டுப் பேர். மிஞ்சிய இருபத்து மூன்றையும் சுற்றித் தோண்டி, மண் உதிராமல் கவரை மட்டும் கீறி உருவினார்கள். எண்ணும் நாளுக்குள் அவற்றிலும் மூன்று செத்தன.

எண்ண வந்த நகராட்சி ஊழியர் பத்தொன்பதில் நின்றார். கடைசிக் கன்றில் ஓர் இலைகூட இல்லை. "இது குச்சி" என்று பேனாவை மூடினார். மருந்துக்கடைப் பெண் குனிந்து தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பட்டைக்கு அடியில் பச்சை.

"செத்த குச்சி பச்சையா இருக்குமா சார்?"

அவர் மூடிய பேனாவைத் திறந்தார். இருபது.

யாரும் கை தட்டவில்லை. குழாய் வரக் கோடை முடிந்துவிடும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை வாளிதான். அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு மீட்டர் பார்க்க நடந்தார்.

நீங்கள் நட்ட இடத்துக்கு இன்றே ஒருமுறை போய் வாருங்கள். தண்டைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அடியில் கவர் இருக்கிறதா என்று தோண்டிப் பாருங்கள். கையில் ஒரு பிளேடும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.