அப்பா பார்த்த பச்சை

வடதுருவ ஒளி பார்க்கப் போகிறவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். போன சனிக்கிழமை நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை மாதம் இருக்கும், ஆறு கிழமைக்கு முன் அப்பாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் அது என் வேலை. பன்னிரண்டு வயதிலிருந்து பார்க்கிறேன் — வங்கி, பள்ளிக்கூடம், காப்புறுதி, பல் டொக்டர்... எங்கே ஆங்கிலம் இருக்கிறதோ அங்கே மொழிபெயர்க்க நடுக்கதிரையில் நான் இருப்பேன். ரொறன்ரோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் அநேகம் பேருக்கு இந்த உத்தியோகம் உண்டு. லீவு மட்டும் கிடையாது.

டொக்டர் மூன்று விஷயம் சொன்னார். ஒன்று, இரண்டு கண்ணிலும் குளோக்கோமா, உள்ளே அழுத்தம் கூடிப் பார்வை போகும் நோய்; காலையும் இரவும் சொட்டு மருந்து விட வேண்டும். இரண்டு, ஆறு கிழமையில் திரும்பி வர வேண்டும். மூன்று, போன பார்வை போனதுதான். மங்கல் வெளிச்சத்தில் இன்னும் குறையும். இரவில் கார் ஓடவே வேண்டாம்.

முதல் இரண்டையும் அப்படியே தமிழில் சொன்னேன். மூன்றாவதுக்கு வாய் திறந்தேன். அப்பா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நல்ல வெளிச்சத்தில வாசிக்கட்டாம் அப்பா" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வசனம் காணாமல் போனது.

நான் மென்பொருளைச் சோதிக்கிறவள். மற்றவர்கள் விடும் பிழையைப் பிடிப்பதுதான் என் தொழில். அப்படிப்பட்ட நான் தெரிந்துகொண்டே ஒரு பிழையை உள்ளே விட்டேன்.

அன்றிரவே பயம் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரவு ஒன்பதரைக்கு முடியும். அப்பாதான் போய் ஏற்றி வருவார். இருட்டில், நெடுஞ்சாலையில். இரண்டு கண்ணிலும் ஓரம் தெரியாத மனிதர்.

எனவே இரண்டாவது பொய். என்னுடைய கார் சும்மா நின்றால் பற்றறி பழுதாகுமாம், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஓட வேண்டுமாம், இனி அம்மாவை நான் ஏற்றுகிறேன் என்றேன். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. தனக்கும் முழங்கால் நோகிறது, நல்லதாய்ப் போயிற்று என்றார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பின்னேரம் ரீவியில் வடதுருவ ஒளியைக் காட்டினார்கள். ரொறன்ரோவுக்கு மேலேயே வானம் நிறம் மாறிய அந்த இரவு எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஸ்காபரோவே றோட்டில் நின்று படம் எடுத்தது. அப்பாவுக்கு அன்று இரவு வேலை. யன்னல் இல்லாத தொழிற்சாலை. விடிய வீட்டுக்கு வந்து என் போனில்தான் பார்த்தார்.

"அடுத்த வருசமெண்டாலும் உந்த ஒளியை நேர போய்ப் பாக்க வேணும்" என்றார் இப்போது.

அடுத்த வருடம். அந்தக் கண்களில் அடுத்த வருடம் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று எனக்கும் டொக்டருக்கும்தான் தெரியும்... அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். அந்த நிமிடமே போனை எடுத்து, ஒளி பார்க்கும் படகொன்றில் மூன்று பேருக்கு இடம் பதிவு செய்தேன்.

ஜோர்ஜியன் வளைகுடாப் பக்கம், ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியால ஓட்டம். சின்னப் படகு. எட்டுப் பேர்தான் கணக்கு. பொழுது படும்போது வெளிக்கிட்டு, தீவுகளுக்கு நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருட்டுக்குக் காத்திருப்பார்கள். ஒளி வரும் என்று உத்தரவாதம் இல்லை என்பதை அவர்களுடைய இணையப் பக்கத்தில் மூன்று இடத்தில் எழுதியிருந்தார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் பட்டியல்கள் பழக்கம். இதற்கும் ஒன்று போட்டேன். கையுறை மூன்று சோடி. குமட்டல் குளிசை. போனில் மேகம் காட்டும் அப். ஒளியைக் கொண்டுவரும் சூரியப் புயலைக் காட்டும் அப். அந்த இரண்டும் முரண்பட்டால் பார்க்க மூன்றாவது அப். அப்பா தானே காரை ஓடுவதாகச் சொன்னால் தடுக்க மூன்று சாட்டுகள்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. ஒளி வந்து, எல்லோரும் பார்த்து, அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாவிட்டால்? அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது?

சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டோம். அப்பா தான் ஓடுகிறேன் என்று கார்த் திறப்பைக் கேட்கவே இல்லை. தானாகப் போய்ப் பின் சீற்றில் ஏறினார். தயாராய் வைத்திருந்த மூன்று சாட்டும் வீண். எனக்கு ஒரு சந்தேகமாவது வந்திருக்க வேண்டாமா?

வரவில்லை. நான் மேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

படகுத்துறைக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் குறையத் தொடங்கிவிட்டது. பலகைப் பாதை. பக்கத்தில் பிடி இல்லை. பிறகு படகுக்கு ஒரு எட்டு. நான் குளிருது என்று சொல்லி அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த எட்டில் அவருடைய கால் விளிம்பைத் தேடியது. ஒரு முறை... இரண்டாம் முறை... கப்டன் தோளைப் பிடித்து உள்ளே எடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

படகில் இன்னொரு தமிழ்ச் சோடியும் இருந்தது. பிறம்ரனில் லொறிக் கம்பனியில் வேலை செய்யும் ஒரு அண்ணையும் மனைவியும். அண்ணையின் கமராவில் வாழைக்குலை அளவு லென்ஸ். அம்மா இரண்டு நிமிடத்தில் அவர்களுடைய ஊரைக் கேட்டு, மூன்றாவது நிமிடத்தில் ஒரு சொந்தத்தையும் கண்டுபிடித்து, நாலாவது நிமிடத்தில் மட்டன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். கப்டனுக்கும் ஒன்று போனது. உறைப்பில் மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் படகை ஓட்டினார்.

பிறகு எஞ்சின் நின்றது. லைற்றுகளும் அணைந்தன. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் வேண்டும், போனைப் பார்க்காதீர்கள் என்றார் கப்டன்.

அப்பாவின் கண்ணுக்கு எத்தனை நிமிடம் வேண்டும்? அதைக் கப்டனிடம் கேட்க முடியுமா?

தண்ணீர் படகின் அடியில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பத்து நிமிடம். இருபது. மேகம் இல்லை. நட்சத்திரம் நிறைய. எனக்கு ஒரு கேவலமான யோசனை வந்தது... இன்றைக்கு ஒளி வராமல் விட்டால் நல்லது. வராவிட்டால் எட்டுப் பேருக்கும் தெரியாது. எட்டுப் பேரும் சமம்.

வந்தது.

வடக்குப் பக்கம் மரங்களுக்கு மேலே வெளிறிய ஒரு பட்டை. மெல்லிய முகில் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அது அசைந்தது. நிமிர்ந்தது. திரைச்சீலையை யாரோ உள்ளேயிருந்து விலக்குவதுபோல மடிந்து விரிந்தது. அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

பிறம்ரன் அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "பச்சை. என்ன பச்சையப்பா. இஞ்ச பாருங்கோ, பச்சை."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. "நல்ல பச்சை."

நான் வானத்தை விட்டு அப்பாவின் முகத்துக்குத் திரும்பினேன்.

ஏனென்றால் வானத்தில் பச்சை இல்லை. சாம்பல்தான். மங்கல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறம் பிடிபடாது. கமரா வெளிச்சத்தைச் சேர்த்து எடுப்பதால் அதில் பச்சை தெரியும். இதையெல்லாம் போவதற்கு முன்பே வாசித்து வைத்திருந்தேன். அண்ணை பச்சை பச்சை என்றது தன் கமராவின் ஸ்கிறீனைப் பார்த்து. என் கண்ணுக்குச் சாம்பல். அம்மாவின் கண்ணுக்கும் சாம்பலாய்த்தான் இருந்திருக்கும்.

அப்பாவுக்கு மட்டும் எப்படிப் பச்சை?

சோதிக்கிறவளின் புத்தி சும்மா இருக்குமா? எந்தப் பக்கம் அதிகம் பச்சை, அப்பா, என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பக்கம் இருந்தது கப்டனும், அவருக்குப் பின்னால் நாங்கள் வந்த கரையும்.

ஏன் கேட்டேன் என்று இருந்தது.

அம்மா முன்பக்கம் அண்ணையின் மனைவியோடு நின்றார். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நெருக்கி இருந்தேன். ஆறு கிழமையாக மறைத்த வசனத்தைச் சொன்னேன். முழுவதையும். போன பார்வை திரும்பாது. இருட்டில் இன்னும் குறையும். இரவில் ஓடக் கூடாது. அன்றைக்கு டொக்டர் சொன்னதில் இதை நான் விட்டுவிட்டேன், அப்பா.

அவர் லைஃப் ஜக்கெற்றின் வாரை இழுத்துச் சரிப்படுத்தினார்.

"தெரியும் பிள்ளை."

"என்னெண்டு தெரியும்?"

"டொக்டர் எனக்கு முன்னால இருந்துதானே சொன்னவர். முப்பது வருசம் இந்த நாட்டில வேலை செய்தனான். எனக்கு அந்தளவு இங்கிலீசு விளங்காதே?"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே. விளங்குமென்றால் எதற்கு இத்தனை வருடமாக என்னை லீவு எடுக்க வைத்துக் கூட்டிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன்.

"தனியப் போக ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

அப்படியென்றால் நான் விட்டதும் தெரியும்தானே, ஏன் கேட்கவில்லை என்றேன்.

"வெளிச்சத்தில வாசிக்கட்டாம் எண்டு நீ சொல்லேக்க உன்ர முகத்தைப் பாத்தன். அதுக்குப் பிறகு என்னெண்டு கேக்கிறது?"

முன்பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். பட்டை இப்போது தலைக்கு மேலே வந்துவிட்டது. நான் அப்பாவிடம் நேராகவே கேட்டேன், இப்போது என்ன தெரிகிறது என்று.

"கறுப்பு" என்றார். "கப்டன்ர தொப்பி கொஞ்சம் தெரியுது. நீ உன்ர போனில ஒண்டு எடு பாப்பம்."

எடுத்தேன். படகு ஆடி முதல் படம் பழுது. இரண்டாவது சரி வந்தது. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். ஸ்கிறீன் வெளிச்சத்தில் அவருடைய முகம் முழுக்கப் பச்சை. விரலால் பெருப்பித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு மடிப்பையும் விடவில்லை.

"உங்களுக்கு வானத்தில இந்த நிறம்தானே தெரியுது?"

இல்லை அப்பா, எங்கள் எல்லோருக்கும் சாம்பல்தான், பச்சை கமராவுக்குத்தான் தெரியும் என்றேன்.

அப்பா அண்ணையின் பக்கம் திரும்பினார். அவர் கண்ணைக் கமராவில் ஒட்டி வைத்தபடி இன்னமும் பச்சை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தத் தம்பியும் நானும் ஒண்டுதான்" என்றார் அப்பா.

நான் சிரித்தேன். சிரிப்பு முடியும்போது அழுகையாக இருந்தது. இருட்டு நல்லது. ஒருவருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது அப்பா பின் சீற்றில் நித்திரை. முன்னால் அம்மா. கரையோரத்து ஊர் விளக்குகளைத் தாண்டியதும் அம்மா தணிந்த குரலில் கேட்டார்.

"சொல்லிப்போட்டியே?"

கார் ஒரு கணம் றோட்டின் வெள்ளைக் கோட்டில் ஏறி இறங்கியது.

அம்மாவுக்கும் தெரியும். டொக்டரிடம் போன அன்று இரவே அப்பா சொல்லிவிட்டாராம். பிள்ளை பயந்துபோய் இருக்கிறாள், அவளாகச் சொல்லும்வரை கேட்க வேண்டாம் என்றாராம். ஆறு கிழமையும் இரண்டு பேரும் நான் எப்போது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பற்றறிக் கதையை நம்பினீர்களா என்று கேட்டேன்.

"பங்குனி மாசம் உன்ர காருக்குப் புதுப் பற்றறி வாங்கிப் போட்டது ஆர்?" என்றார் அம்மா.

எங்கள் வீடுகளில் கெட்ட செய்தி இப்படித்தான் குடியிருக்கிறது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியக் கூடாது என்று கதவைப் பூட்டி வைத்திருப்போம். அது பாசம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு கிழமையும் தன்னுடைய கண்ணைப் பற்றித் தன்னுடைய மகளிடம் ஒரு கேள்வி கேட்க முடியாமல் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். எத்தனை வருடம் இருக்கிறது, முழுக்கப் போய்விடுமா, வாசிக்க முடியுமா... ஒன்றையும் கேட்கவில்லை. நான் பயந்துவிடுவேனாம். அவரை நான் பாதுகாத்தேன் என்று நினைத்தேன். அவர்தான் என்னைப் பாதுகாத்திருக்கிறார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை திரும்ப டொக்டரிடம் போனோம். அதே அறை. அதே நடுக்கதிரை. அப்பா இந்த முறை கேள்விகளோடு வந்திருந்தார். இன்னும் எவ்வளவு காலம் என்பதுதான் முதல் கேள்வி. டொக்டர் திட்டமாய்ச் சொல்லவில்லை. மருந்து ஒழுங்காய் விட்டால் மிச்சம் உள்ளதைக் கனகாலம் காப்பாற்றலாம் என்றார், காப்பாற்ற முடியாமலும் போகலாம் என்றார். நான் நல்லதையும் கெட்டதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன்.

அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மொழிபெயர்ப்பை இரண்டு இடத்தில் திருத்தினார்.