ஆலங்காயத்துக் காபிக்கடையும் வாணியம்பாடிச் சேதியும்

அறுபத்து மூன்று சித்திரையில் நான் ஆலங்காயம் போனது ஊர் பார்க்கும் ஆசையில் இல்லை. வாணியம்பாடி ஆஸ்பத்திரியில் மனைவிக்கு முதல் பிரசவம். நான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்ததில் மாமியாருக்குத் தலை சுற்றிவிட்டது. "நீங்க இங்க இருந்தா அவளுக்குப் பயம்தான் ஜாஸ்தி. எங்கனா போய்ட்டு வாங்க" என்று துரத்திவிட்டார். முந்தைய வருஷம்தான் என் அக்காவைப் பிரசவத்தில் பறிகொடுத்திருந்தோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

காலை ஒன்பது மணி பஸ், பதினொரு மைல், ஒரு மணி நேரம். பஸ் நிற்கும் இடத்திலேயே பாய் கடை. காபி நன்றாகத்தான் இருந்திருக்கும், என் நாக்குதான் என்னிடம் இல்லை. வாணியம்பாடிச் சேதியெல்லாம் கண்டக்டர் வாய்வழியாக அந்தக் கடையில்தான் வந்து இறங்கும். "மத்தியானம் வர்றப்ப ஆஸ்பத்திரில கேட்டு வந்து பாய்கிட்ட சொல்லிடறேன், கவலைய வுடுங்க" என்றார் எங்கள் கண்டக்டர்.

மலைப் பக்கம் மூன்று மைல் நடந்தால் ஒரு நடுகல். என்றோ மாடு மீட்கப் போய்ச் செத்த வீரன், இப்போது வேடியப்பன் சாமி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும். கும்பிட்ட கையோடு நான் செருப்பை மாட்ட, ஆடு மேய்த்த பெண் சிரித்தாள். "இன்னாங்க, வந்ததும் ஓட்றீங்க? சாமி இன்னா பண்ணிச்சு?" காரணத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப ஓடுங்க, ஓடுங்க" என்றாள்.

கடைக்குத் திரும்பியபோது பஸ் வந்து போயிருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது.

"பாய், கண்டக்டர் என்ன சொன்னார்?"

"மொதல்ல குந்துங்க தம்பி" என்று பாய் உள்ளே போய்விட்டார்.

கெட்ட சேதி என்றால்தானே உட்காரச் சொல்வார்கள்? அக்கா முகம்தான் கண்ணில் நின்றது.

பாய் திரும்பி வந்து என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டார். "பொண்ணு பொறந்துகீது. தாயும் புள்ளயும் நல்லா கீறாங்க."

வாய் இனிக்காமல் பிள்ளை பிறந்த சேதியைச் சொல்வது அந்தக் கடையில் வழக்கமில்லையாம். திட்டலாம் என்றால் வாய் நிறையச் சர்க்கரை. அழுதுவிட்டேன்.

போகிறவர்கள் வெயில் ஏறுமுன் நடுகல்லுக்குக் கிளம்புங்கள், குடிக்கத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். வீரன் எந்தக் கையில் வில் வைத்திருக்கிறான் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவே இல்லை. திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மகள் பிறந்திருக்கும்போது யார் காத்திருப்பது? பஸ் வழியில் வந்து என்னை ஏற்றிக்கொள்ளட்டும் என்று வாணியம்பாடிச் சாலையில் நடக்க ஆரம்பித்துவிட்டேன்.